சோலார் கூரை: ஓடா, பேனலா, வண்டியின் முதுகா? செலவுக் கணக்கும் பொருத்தும் முறையும்

#1 மேல்தளம்

கூரையைப் புதுப்பிக்கும்போதே சோலாரையும் முடித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். கேள்விகள் மூன்று.

சாய்ந்த ஓட்டுக்கூரைக்குச் சோலார் ஓடு, ஓட்டுக்குப் பதிலாகக் கூரைக்குள்ளேயே பதிக்கும் பேனல், ஓட்டுக்கு மேல் ரெயில் போட்டு நிறுத்தும் பேனல் என மூன்று வழி இருக்கிறது. எதில் பணம் எங்கே போகிறது? இரண்டாவது, கான்கிரீட் தளத்தில் ஒழுகாமல் நிறுத்துவது எப்படி? மூன்றாவது, கார், வேன் கூரையில் பேனல் வைப்பது செலவுக்கு ஈடாகுமா?

விலையை எழுத வேண்டாம். இடத்துக்கு இடம் மாறுகிறது, ஆறு மாதத்தில் பழசாகிறது. கணக்குப் போடும் முறையைச் சொன்னால் அவரவர் தம் ஊர் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

#2 வெயில்கணக்கு

பரப்பிலிருந்து தொடங்குவோம். இன்றைய நல்ல பேனல் ஒரு சதுர மீட்டருக்கு 210 முதல் 225 வாட் தரும். பரவலாகக் கிடைக்கும் 108 அரைச்செல் (பாதியாக வெட்டிய சூரியச் செல்) பேனல் ஏறக்குறைய 1722 × 1134 மி.மீ., 430 வாட், 21 கிலோ. 12 பேனல் போட்டால் 5.16 கிலோவாட், 23.4 சதுர மீட்டர். சாய்ந்த கூரையில் ஓரம் விட்டுப் பார்த்தால் 28 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். சமதளத்தில் வரிசைக்கு வரிசை நிழல் விழாத இடைவெளியும் நடக்க வழியும் விட்டால் 40-ஐத் தாண்டும்.

விளைச்சல்: வெயில் நிறைந்த இடங்களில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1400 முதல் 1600 யூனிட். மேகம் மிகுந்த வட அட்சங்களில் 850 முதல் 1000. நல்ல பேனல் முதல் ஆண்டில் 1 முதல் 2 சதவீதமும் பிறகு ஆண்டுக்கு 0.4 முதல் 0.5 சதவீதமும் இழக்கும். 1400 யூனிட் என்று வைத்தால் 25 ஆண்டில் கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 32,500 யூனிட் கிடைக்கும். மொத்தச் செலவையும் ஒரு இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் 25 ஆண்டுச் சுத்தச் செலவையும் கூட்டி, 32,500-ஐ உங்கள் கிலோவாட்டால் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். வருவதுதான் உங்கள் கூரை தரும் மின்சாரத்தின் உண்மையான விலை.

இன்வெர்ட்டரைச் சேர்க்க மறப்பவர்கள் பலர். அதன் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. 25 ஆண்டுக் கணக்கில் இரண்டாவது இன்வெர்ட்டர் கட்டாயம் உண்டு. வீட்டில் அப்போதே செலவாகும் யூனிட்டுக்கும் மின்தொகுப்புக்கு அனுப்பும் யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு போடுவதும் தவறு. அனுப்பும் யூனிட்டுக்குக் குறைவாகத் தரும் இடங்களில் பகலில் எதை ஓட்டுகிறீர்கள் என்பதுதான் முதலீடு திரும்பும் காலத்தை முடிவு செய்யும்.

இன்னொன்று. பேனல் மலிந்துவிட்டது. கூலியும் அனுமதிச் செலவும் அதிகமான நாடுகளில் மொத்தச் செலவில் பேனலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. சாரம் கட்டுவது, எர்த், மீட்டர், பாதுகாப்புப் பெட்டி எல்லாம் 2 கிலோவாட்டுக்கும் 5 கிலோவாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் நிழலில்லாத இடம் இருந்து, அனுமதியும் கிடைத்தால் கூரையை ஒரே தடவையில் நிரப்புவதே சரி. பிறகு நான்கு பேனல் சேர்க்கலாம் என்று விட்டால் அந்த நான்கின் விலை இரட்டிப்பாக விழும்.

#3 கூரைக்கொத்தன்

பேனலுக்கு 25 வருசம் கியாரண்டி. அதன் அடியில் இருக்கிற ஓட்டுக்கு, ரீப்பருக்கு, தளத்துப் பூச்சுக்கு எத்தனை வருசம் மிச்சம்? இதைக் கேட்காமல் போடுகிற சோலார் பத்தாம் வருசம் கழற்றி மாட்டும் கூலியைக் கேட்கும். கூரைக்குப் பத்து வருசத்துக்குக் குறைவாக ஆயுள் தெரிந்தால் முதலில் கூரை, அப்புறம்தான் சோலார்.

ஓட்டுக்கூரையில் ரெயில் போடும் முறை. ஓட்டை மேலே தள்ளி, கொக்கியைக் கைமரத்தில் பிடிக்க வேண்டும், ரீப்பரில் இல்லை. கொக்கிக்கு இரண்டு ஸ்க்ரூ, 8 மி.மீ. தடிமன், மரத்துக்குள் குறைந்தது 60 மி.மீ. இறங்கணும். கொக்கியின் கை கீழ் ஓட்டைத் தொடக்கூடாது, 5 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கணும். தொட்டால் காற்றடிக்கும்போது கை வளைந்து ஓட்டை உடைக்கும். ஒழுகல் பல நேரம் இப்படி உடைந்த ஓட்டிலிருந்துதான் வருகிறது. கொக்கி வெளியே வரும் இடத்தில் மேல் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கிரைண்டரால் கொஞ்சம் தேய்த்தால் ஓடு சமமாக உட்காரும். தேய்க்காமல் அப்படியே மூடினால் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும், சாரல் உள்ளே போகும். அங்கே சிலிக்கான் அப்புவது தீர்வில்லை, வெயிலில் இரண்டு மூன்று வருசத்தில் விட்டுவிடும்.

ரெயில் அலுமினியம். 6 மீட்டர் ரெயில் 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் 7 மி.மீ. நீளும். நீளமான வரிசையை ஒரே துண்டாக இறுக்கிக் கோத்தால் அந்த நீட்சி கொக்கியைத்தான் தள்ளும். 10–12 மீட்டருக்கு ஒரு முறை 20 மி.மீ. வெட்டு விட்டு, அந்த வெட்டுக்குக் குறுக்கே பேனல் வராமல் பாருங்கள்.

கிளாம்பை டார்க் ரெஞ்சில்தான் இறுக்கணும். பெரும்பாலும் 12 முதல் 16 நியூட்டன் மீட்டர், பேனலோடு வரும் தாளில் எழுதியிருப்பதே முடிவு. கை மதிப்பில் இறுக்கினால் ஒன்று கண்ணாடி விரியும், இல்லை என்றால் புயலில் பேனல் நழுவும்.

#4 ஒளிமுகில்

சோலார் ஓட்டுக்காகவும் ஒரு வார்த்தை. அதை எப்போதும் பேனல் விலையோடு ஒப்பிட்டு அநியாய விலை என்கிறார்கள். ஓடு கூரையின் வேலையையும் செய்கிறது. எனவே சரியான கணக்கு இது: சோலார் ஓட்டுக்கூரையின் மொத்தச் செலவிலிருந்து, எப்படியும் போட்டிருக்க வேண்டிய சாதாரணப் புதுக்கூரையின் செலவைக் கழியுங்கள். மிச்சத்தைக் கிலோவாட்டால் வகுங்கள். அந்த எண்ணைத்தான் பேனலோடு ஒப்பிட வேண்டும். பழைய கூரை நன்றாக இருக்கும்போது சோலார் ஓடு வேண்டாம் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கழிக்க எதுவுமே இல்லாததால் கணக்கு உடனே தோற்றுவிடும்.

பாரம்பரியக் கட்டடங்கள் நிறைந்த தெருக்களில் தோற்றம் மாறக்கூடாது என்று விதி இருக்கும். அங்கே ரெயில் பேனலுக்கு அனுமதியே கிடைக்காது. அந்த இடத்தில் ஓடுதான் வழி. 2016 அக்டோபரில் டெஸ்லா கண்ணாடி ஓடுகளை அறிமுகப்படுத்தியதும் உலகமே திரும்பிப் பார்த்தது அந்தத் தோற்றத்துக்காகத்தான்.

#5 செம்புக்கம்பி

கழித்துப் போடும் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அதுதான் நேர்மையானது. ஆனால் அதில் வராத ஒரு செலவு இணைப்புகளின் எண்ணிக்கை.

5 கிலோவாட்டை 430 வாட் பேனலில் செய்தால் 12 பேனல், ஒரே சரமாகக் கோத்தால் இருமுனைக் கேபிளையும் சேர்த்து 13 கனெக்டர் இணைப்பு. 70 வாட் ஓட்டில் செய்தால் 72 ஓடு, 73 இணைப்பு. 15 வாட் சிறு ஓட்டில் 334 ஓடு, இணைப்பும் அதற்குச் சமம். நேர்மின் (டிசி) சுற்றில் தீப்பிடிக்கும் இடங்களில் முக்கியமானது கனெக்டர்தான். ரெயில் பேனலில் கெட்ட கனெக்டரைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும். ஓட்டில் அது கூரைத் தோலுக்கு அடியில் இருக்கிறது. வெப்பப் படமெடுக்கும் கேமராவும் கூரை ஏறத் தெரிந்தவரும் சேர்ந்தால்தான் முடியும். 20 ஆண்டில் இந்தப் பழுதுக்கூலி எவ்வளவு, அந்த அளவில் அதே ஓடு அப்போதும் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கூடவே வெப்பம். ரெயில் பேனலுக்கு அடியில் 100 முதல் 150 மி.மீ. காற்று ஓடும், செல் காற்று வெப்பத்தைவிட 25–30 டிகிரி கூடுதலாக இருக்கும். ஓடு அல்லது பதித்த பேனலில் 35–40 டிகிரி. செல் 25-ஐத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் செல் வகைகளில் பெர்க் 0.35 சதவீதமும் டாப்கான் 0.30-ம் ஹெச்ஜேடி 0.25-ம் இழக்கும். காற்று 35 டிகிரியாக இருக்கும் நண்பகலில் ரெயில் பேனல் 65 டிகிரியில் 14 சதவீதம் இழந்தால், ஓடு 75 டிகிரியில் 17.5 சதவீதம் இழக்கும். ஓடு போடுவதென்றே முடிவானால் கைமரத்துக்கு நீளவாக்கில் 50 மி.மீ. கட்டை அடித்து அதன் மேல் ரீப்பர் போடுங்கள், இறவாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி விடுங்கள். அந்த 50 மி.மீ. கட்டைக்கு ஆகும் செலவு சொற்பம், பயன் ஆயுள் முழுக்க.

#6 கூரைக்கொத்தன்

நடுவிலுள்ள வழியை யாரும் தொடவில்லை. பதிக்கும் தட்டு முறையில் ஓட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது உலோகத் தட்டு, அதன் மேல் சாதாரணப் பேனல். ஓடு மிச்சமாகிறது, பேனல் பெரியது, கனெக்டர் குறைவு, பார்க்கவும் சமமாக இருக்கும். புதுக் கட்டடத்துக்கு மூன்றில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கவனிக்க வேண்டியது சாய்வு. 12–15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான தட்டுகளுக்கு உத்தரவாதம் கிடையாது, தண்ணீர் மூட்டில் பின்னேறும். பிளாஸ்டிக் தட்டானால் அடியில் தீ தாங்கும் விரிப்பு கட்டாயம். பக்கவாட்டுத் தகரம், மேல் தகரம் இரண்டும் ஓட்டுக்கு அடியில் குறைந்தது 150 மி.மீ. புகுந்திருக்கணும்.

#7 மேல்தளம்

நன்றி. கான்கிரீட் தளத்துக்கு வருவோம். 300 மி.மீ. கனசதுரக் கான்கிரீட் கட்டைகளைத் தளத்தில் சும்மா வைத்து, அதன் மேல் கால் நிறுத்தினால் துளையே வேண்டாம், ஒழுகவும் செய்யாது என்று சில நிறுவுநர்கள் சொல்கிறார்கள். எடை போதுமா?

#8 கூரைக்கொத்தன்

போதாது. போட்டுக் காட்டுகிறேன்.

காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு நியூட்டனில்: 0.613 × வேகத்தின் வர்க்கம், வேகம் விநாடிக்கு மீட்டரில். மணிக்கு 144 கி.மீ. புயல் என்றால் விநாடிக்கு 40 மீட்டர். 0.613 × 1600 = 981. அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நான்கு பேனல் தாங்கும் சட்டம், அதாவது மேசை, 7.8 சதுர மீட்டர், குணகம் (வடிவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அழுத்தத்தைப் பெருக்கும் எண்) 1 என்று வைத்தாலே 780 கிலோ தூக்கும். ஓரத்திலும் மூலையிலும் குணகம் 1-ஐத் தாண்டும்.

300 மி.மீ. கட்டையின் எடை 0.027 கன மீட்டர் × 2400 = 65 கிலோ. நான்கு கால் 260 கிலோ. பேனலும் இரும்பும் சேர்ந்து 160 கிலோ. மொத்தம் 420. தூக்குவது 780. கட்டையோடு சேர்ந்து மேசை பறக்கும். கைப்பிடிச் சுவர் மறைப்பதாலும் சாய்வு குறைவாக இருப்பதாலும் விசை ஓரளவு குறையும்தான், ஆனால் அந்தக் குறைவைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லணும், குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்யும் முறை: கட்டை வரும் இடத்தில் பழைய பூச்சைச் சுரண்டித் தளத்தைக் கொத்தி விடுங்கள். முடிந்தவரை உத்தரத்தின் மேலோ சுவரின் மேலோ வரும்படி இடத்தை அமையுங்கள். 12 மி.மீ. கம்பி நான்கை ரசாயனப் பசையால் தளத்தில் 60–70 மி.மீ. ஆழம் நடுங்கள். 100 மி.மீ. தளத்தில் அதற்கு மேல் ஆழம் போனால் அடியில் சிமென்ட் பெயர்ந்து விழும். துளையின் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுத்த பிறகுதான் பசை. தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை இல்லை. பிறகு பிணைப்புத் திரவம் பூசிக் கட்டையை வார்த்து, அடிமூலையில் 50 மி.மீ. சரிவுக் கலவை வைத்து, ஏழு நாள் நீராற்றி, காய்ந்ததும் நீர்ப்புகாப் பூச்சைத் தளத்திலிருந்து கட்டையின் மேல்வரை ஒரே படலமாக ஏற்றுங்கள். கட்டை தண்ணீர் ஓடும் வழியை மறிக்கக் கூடாது. ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

ஆள் நடக்கும் உயரத்துக்கு இரும்பு எழுப்பினால் மாடி பயன்பாட்டில் இருக்கும். ஆனால் கால் நீள நீள அடியில் வளைக்கும் விசை கூடும், இரும்பு எடை கூடும், குறுக்குக் கட்டு வேண்டும். அந்தக் கூடுதல் இரும்பின் செலவைச் சோலாரின் கணக்கில் எழுதாதீர்கள், பந்தலின் கணக்கில் எழுதுங்கள். கால்வனைஸ் செய்த பிறகு அங்கே வைத்து வெட்டிய முனைகளுக்கும் துளைகளுக்கும் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். துரு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

#9 செம்புக்கம்பி

மின்வேலை. சரத்தில் எத்தனை பேனல் என்பதை இன்வெர்ட்டரின் வோல்ட் எல்லை சொல்லும், ஆனால் குளிரில் கணக்குப் போட வேண்டும். பேனலின் திறந்த சுற்று வோல்ட் (சுமை இல்லாதபோது காட்டுவது) 39 என்று வைப்போம். குளிர்ந்த விடியல் 5 டிகிரி, 25-ஐவிட 20 குறைவு. டிகிரிக்கு 0.26 சதவீதம் ஏறும், ஆக 41 வோல்ட். 600 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 14 பேனல் என்றால் 574, சரி. 15 பேனல் 615. விடியற்காலையில் முதல் வெளிச்சம் பட்டதும் உள்ளீட்டுப் பகுதி போய்விடும், வாரன்டியும் கிடைக்காது.

கீழ் எல்லையும் உண்டு. செல் 70 டிகிரியில் இயங்கும் வோல்ட் 32.5-இலிருந்து 28-க்கு இறங்கும். இன்வெர்ட்டர் 200 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது என்றால் 7 பேனல் சரம் கோடை நண்பகலில் தூங்கிவிடும், 8 வேண்டும்.

கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் ஒரே எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) உள்ளீட்டில் தொடராகச் சேரக்கூடாது. தொலைக்காட்சி ஆன்டெனாவின் மெல்லிய நிழல்கூடச் செல்லின் மின்னோட்டத்தைக் குறைத்து, பேனலின் மூன்றில் ஒரு பகுதியை பைபாஸ் டையோடு வழியாக ஒதுக்கிவிடும். தினமும் நகரும் நிழல் இருந்தால் அந்த ஒன்றிரண்டு பேனலுக்கு, பேனலைத் தனியாக இயக்கும் ஆப்டிமைசர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் போடுவது பணத்தையும் கனெக்டரையும் இரட்டிப்பதுதான்.

நிறுவிய வேலையில் அடிக்கடி காணப்படும் தவறுகள்: ஒரு கம்பெனியின் எம்சி4 (பேனல் கேபிள் கனெக்டர்) ஆணோடு வேறு கம்பெனியின் பெண்ணைச் சேர்ப்பது. கையால் மாட்டும்போது பொருந்தும், உள்ளே தொடுபரப்பு பொருந்தாது, சில ஆண்டில் உருகும். முனை காட்டிய நேர்மின் பிரேக்கரைத் தலைகீழாக மாட்டுவது. அது சாதாரண நாளில் வேலை செய்யும், சுமையோடு துண்டிக்கும்போது பொறியை அணைக்காமல் எரியும். பிளாஸ்டிக் டையால் கேபிளைக் கட்டுவது. வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் நொறுங்கி, கேபிள் ஓட்டில் உரசும். வெறும் செம்புக் கம்பியை அலுமினிய ரெயிலில் நேராக முறுக்குவது. ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், வெள்ளீயம் பூசிய லக்கும் துருப்பிடிக்காத வாஷரும் வேண்டும். இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டுவது. அதன் மின்தேக்கிகள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும்.

ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு சரத்தின் வோல்ட், முனை, மின்காப்பு எதிர்ப்பு மூன்றையும் உங்கள் முன்னால் அளந்து எழுதி வாங்குங்கள். மின்காப்பு 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் எங்கோ கேபிள் தோல் உரிந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

#10 வண்டிப்பட்டறை

வண்டி. கார் கூரையில் பேனல் உட்காரக்கூடிய இடம் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர், அதுவும் வளைவு. 200 வாட் என்று வைங்க. நாள் முழுக்கத் திறந்த வெயிலில் நின்றால் 0.65 யூனிட். மின்கார் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி எடுக்கும், ஆக ஒரு நாளைக்கு 4 கி.மீ. டொயோட்டா 2017-இல் ஜப்பானில் விட்ட பிரியஸ் பிளக்-இன் காரின் 180 வாட் கூரைக்கு அந்த நிறுவனமே சொன்ன சராசரி நாளுக்கு 2.9 கி.மீ., அதிகபட்சம் 6.1 கி.மீ. கணக்கும் அதுவும் ஒத்துப்போகுது.

வெளியில் பேனல் வாங்கிக் காரின் ஓட்டப் பேட்டரியை நேராக ஏற்றலாமா என்று கேட்பாங்க. வேண்டாம். 400 வோல்ட் பேட்டரியின் தொடுப்பு (உள்ளே இருக்கும் பெரிய சுவிட்ச்) சேரணும், அதைக் காக்கும் கணினி விழித்திருக்கணும், அதற்கே பத்துக்கணக்கில் இருந்து நூறு வாட்டுக்கு மேலும் போகும். 200 வாட்டில் பாதி அங்கே தீரும். அந்த பிரியஸ் காரில் நிற்கும்போது மின்சாரம் தனிச் சிறு பேட்டரியில் சேர்ந்து, நிறைந்த பிறகு பெரிய பேட்டரிக்கு மாறும்படி வைத்தது இதனால்தான். அதோடு கூரை பேனலுக்காகக் காரை வெயிலில் நிறுத்தினால் உள்ளே கொதிக்கும். ஏறியதும் ஏசி 1.5 கிலோவாட்டில் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட் போச்சு. வந்தது 0.65.

#11 ஒளிமுகில்

பரப்பும் காற்றுத் தடையும் மாறினால் கதை மாறும். லைட்இயர் 0 என்ற சோலார் காரில் 5 சதுர மீட்டரில் ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலே பேனல், நல்ல வெயிலில் நாளுக்கு 70 கி.மீ. வரை என்றார்கள். 2023 ஜனவரியில் உற்பத்தி நின்றது உண்மை, அடுத்த மாதம் சோனோ நிறுவனம் சியோன் என்ற சோலார் காரைக் கைவிட்டதும் உண்மை. அவற்றை நிறுத்தியது பணம், இயற்பியல் இல்லை. இலேசான மெதுவான மூன்று சக்கர மின்வண்டி கிலோமீட்டருக்கு 50–70 வாட் மணிதான் எடுக்கிறது. அதன் தட்டைக் கூரையில் 300 வாட் வைத்தால் நாளுக்கு ஒரு யூனிட்டை நெருங்கும், 14 முதல் 19 கி.மீ. இது புறக்கணிக்கும் அளவா?

#12 வெயில்கணக்கு

இல்லை, அந்த வண்டிக்கு அது நல்ல கணக்கு. நாள் முழுக்க வெளியில் திரிகிற, இலேசான, தட்டையான முதுகுள்ள வண்டிக்கு மட்டும்.

காருக்கு அதே பணத்தை நிறுத்துமிடத்துப் பந்தலில் போடுங்கள். இரண்டு கார் நிற்க 5 × 5 மீட்டர். அதில் 430 வாட் பேனல் 10 உட்காரும், 4.3 கிலோவாட், நாளுக்கு 17 யூனிட். ஏற்றும்போது 10 சதவீதம் போனாலும் 100 கி.மீ. ஓடலாம். கார் நிழலிலும் நிற்கும். கார் பகலில் வீட்டில் இல்லாதவர்களுக்கு யூனிட் மின்தொகுப்புக்குப் போய் இரவில் திரும்ப வர வேண்டும், அங்கே இரு விலைகளின் வித்தியாசம்தான் செலவு.

#13 வண்டிப்பட்டறை

வேன் வேற விஷயம். தங்கிப் பயணிக்கும் வேனில் ஓட்டத்துக்கு இல்லை, உள்ளே இருக்கிற ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்கு. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45–50 வாட், நாளில் பாதிக்குக் குறைவான நேரம் ஓடும், 0.4 முதல் 0.6 யூனிட். மற்றதெல்லாம் சேர்த்து ஒரு யூனிட் என்றால் 400 வாட் பேனலும் 12.8 வோல்ட் 200 ஆம்ப் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் போதும். பேட்டரி 2.56 யூனிட், இரண்டு மழை நாள் தாங்கும்.

வளையும் பேனலா, கண்ணாடிப் பேனலா? 200 வாட் வளையும் பேனல் 4 கிலோ, கண்ணாடி 11 கிலோ. எடைக்காக வளைவதை வாங்கி முழுப் பரப்பிலும் பசை தடவிக் கூரைத் தகரத்தில் ஒட்டிடுறாங்க. அடியில் காற்றில்லை, 80 டிகிரி தாண்டும், செல் இணைப்பு விரியும், மேல்படலம் கொப்புளிக்கும். மூன்று நாலு வருசத்தில் போய்விடும், பசையிலிருந்து உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். வாட்டுக்கான விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்க, கண்ணாடிதான் மலிவு. கூரை வளைவினால் வேற வழியில்லை என்றால் மேல்படலம் இடிஎஃப்இ (வெயில் தாங்கும் பிளாஸ்டிக்) ஆக இருக்கட்டும், அடியில் குழல் போட்ட பாலிகார்பனேட் தகடு வைத்து அதன் மேல் ஒட்டுங்க.

கண்ணாடிப் பேனல் பொருத்த: கூரைக்கும் பேனலுக்கும் 30–40 மி.மீ. இடைவெளி. பசையென்றால் பாலியூரிதேன், சிலிக்கான் இல்லை. இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லத் தேய்த்து, மறுபடி துடைத்து, பிரைமர் அடித்து, முக்கோண வடிவில் பசைக் கோடு விட்டு, அழுத்திய பிறகு 3 மி.மீ. தடிமன் நிற்கும்படி வையுங்க. பிதுங்க அழுத்தினால் வளைந்துகொடுக்கப் பசை இருக்காது. ஈரக்காற்றில் ஒரு நாளைக்கு 3 மி.மீ. ஆழம்தான் இறுகும், இரண்டு நாள் வண்டியை எடுக்காதீங்க. பழைய பெயின்ட் உரிகிற கூரையில் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும், அங்கே போல்ட் போடுங்க.

கூரைக்கொத்தன் எழுதிய சூத்திரம் இங்கேயும் பொருந்தும். மணிக்கு 100 கி.மீ. என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு 474 நியூட்டன். 1.7 சதுர மீட்டர் பேனலில் 80 கிலோ. எதிர்க்காற்றும் லாரி கடக்கும் அதிர்ச்சியும் சேர்ந்தால் இரட்டிப்பாகும். முன் விளிம்பில் காற்றை மேலே திருப்பும் தகடு ஒன்று கட்டாயம்.

#14 மேல்தளம்

வேன் கூரையில் ஏசிப் பெட்டியோ காற்றோட்ட மூடியோ இருந்தால் நிழல் விழுமே. 200 வாட் இரண்டைத் தொடராக இணைப்பதா, இணையாகவா?

#15 செம்புக்கம்பி

நிழல் இல்லாவிட்டால் தொடர். எண்ணால் சொல்கிறேன். ஒவ்வொரு பேனலும் 20 வோல்ட், 10 ஆம்ப். கேபிள் 6 மீட்டர், போக வர 12 மீட்டர், 4 சதுர மி.மீ. கம்பிக்கு 0.061 ஓம். தொடரில் 40 வோல்ட் 10 ஆம்ப், இழப்பு 0.6 வோல்ட், 1.5 சதவீதம். இணையில் 20 வோல்ட் 20 ஆம்ப், இழப்பு 1.2 வோல்ட், 6 சதவீதம்.

தினமும் ஒரு பேனல் முழுக்க நிழலில் போகிறது என்றால் தொடரில் மிஞ்சுவது ஒரு பேனலின் 20 வோல்ட், அதிலும் நிழலில் உள்ள பேனலின் பைபாஸ் டையோடுகள் கொஞ்சம் தின்னும். வெப்பத்தில் அது 17-க்கும் கீழே இறங்கும். பேட்டரி 14.2-இல் ஏறிக்கொண்டிருக்கும்போது, பேட்டரி ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு மூச்சு முட்டும்.  அத்தகைய கூரைக்கு இணையாக இணைத்து 10 சதுர மி.மீ. கேபிள் இழுங்கள்.

கன்ட்ரோலர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள். 400 வாட்டுக்கு வெளியீடு 30 ஆம்ப், 40 ஆம்ப் ஃபியூஸ், அது பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது தலைகீழ். பேனலை முதலில் மாட்டினால் சில கன்ட்ரோலர்கள் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தவறாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை 0 டிகிரிக்குக் கீழே ஏற்றக்கூடாது, செல்லுக்குள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அது திரும்பாது. என்ஜினின் ஆல்டர்னேட்டரை அந்தப் பேட்டரியோடு நேராகச் சேர்க்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தில் ஆல்டர்னேட்டர் கருகும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

#16 கூரைக்கொத்தன்

தகரக் கூரையும் சிமென்ட் ஷீட்டும் விட்டுப்போச்சு. மடிப்பு எழுந்து நிற்கும் தகரக் கூரைதான் சோலாருக்கு மிக நல்லது, மடிப்பைக் கிளாம்ப் கவ்வும், ஒரு துளைகூட வேண்டாம். நெளிந்த தகரத்தில் ஸ்க்ரூவை மேட்டில் போட்டுக் குறுக்குச் சட்டத்துக்குள் இறக்கணும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே துளை. வாஷர் இபிடிஎம் ரப்பர், அது லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய ஷீட்டில் துளையும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஷீட் ஆள் எடை தாங்காது. உரிமம் உள்ளவர்களை வைத்து அகற்றிவிட்டுத்தான் சோலார் பேச்சு.

ஓட்டுக்கூரைக்காரர்கள் வேலை தொடங்கும் முன்னே அதே அச்சில் 20 ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள். கொக்கி மாட்டும்போது நாலைந்து உடையும். மிச்சத்தைப் பேனல் வரிசைக்கு அடியிலேயே அடுக்காதீர்கள், காற்று ஓடுகிற இடம் அது.